பதினாறாம் தேதிக்குள் பதில்

என் கணவர் இறந்த மூன்றாம் நாள், அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, அவர் பதினாறு ஆண்டுகள் இயக்குநராக இருந்த ஊடக ஆய்வு மற்றும் அறநெறி நிறுவனம். மறுநாள், பதின்மூன்றாம் தேதி காலை, அதை எடுத்துக்கொண்டு ஆவணப் பரிசோதகரின் வீட்டுக்குப் போனேன். நீதிமன்றங்களுக்காக முப்பது ஆண்டுகள் கையெழுத்துகளையும் காகிதங்களையும் சோதித்து ஓய்வு பெற்றவர் அவர்.

கதவைத் திறந்தது அவருடைய அக்கா மகள். வழக்கறிஞர். எதையும் பாதி கேட்கும்போதே மீதியைச் சொல்லிவிடுவதால் வீட்டில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். வாசலிலேயே கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள்.

“செத்தவருக்கு நோட்டீஸா? இவங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா மாமா?”

“முதல்ல அவங்களை உட்காரச் சொல்லு” என்றார் பரிசோதகர்.

ஒரு தொழிற்சாலைத் தீ விபத்தில் இறந்த தொழிலாளர்கள் மீதே பத்திரிகைகள் எப்படிப் பழி போட்டன என்று எட்டு மாதங்களுக்கு முன் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தொன்பது குடும்பங்களின் வாக்குமூலங்கள் அதற்கு ஆதாரம். கடிதம் அதைப் பற்றியதுதான்: ‘தங்கள் மேசையில் கிடைத்த, தாங்கள் கையொப்பமிட்ட ஒப்புதலின்படி, அவற்றில் மூன்று வாக்குமூலங்களைத் தாங்களே கற்பனையாக எழுதினீர்கள் என அறிவிக்க உள்ளோம். பதில் இருப்பின் பதினாறாம் தேதிக்குள் தெரிவிக்கவும்.’ கீழே துணை இயக்குநரின் கையெழுத்து. மேலே 211 என்று ஓர் எண். தேதி இல்லை.

“அவரைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லல சார். பேரையாவது மீட்டுக் கொடுங்க” என்றேன்.

“இந்த மாதிரிக் கடிதத்துக்கு வழக்கமா எத்தனை நாள் தருவாங்க?”

“ஏழு நாள். அது அவர் கொண்டுவந்த விதி. யார்மேல குத்தம் சொன்னாலும் முதல்ல அவங்களுக்கு எழுதணும், ஏழு நாள் காத்திருக்கணும். கிசுகிசு போடுற பத்திரிகைக்குக்கூட ஏழு நாள் உண்டு.”

“நேத்துதானே வந்துச்சு? உங்களுக்கு ஏன் நாலு நாள்?”

எனக்கு அது தோன்றவே இல்லை. துக்க வீட்டில் யார் நாள் கணக்குப் பார்க்கிறார்கள்?

கடைசி மாதம் என் கணவர் எப்படி இருந்தார் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக எங்கோ போய்ச் செருப்பெல்லாம் சேறாகத் திரும்பியதைச் சொன்னேன். “‘மூணு வீடு இல்லவே இல்லை’ன்னு ஒருநாள் முணுமுணுத்தார். வாடகைக்கு வீடு பார்க்கிறாரோன்னு சண்டைகூடப் போட்டேன்.”

“ஆபீஸ்லேருந்து அவர் சாமான் வந்துச்சா?”

“ஒரு அட்டைப்பெட்டி. கண்ணாடி, ரெண்டு பேனா, குடை.”

“இதய நோயாளி இல்லையா? மாத்திரை?”

“சாயங்கால மாத்திரையை அங்கேதான் போட்டுக்குவார். அந்த டப்பா வரலை.” ஒன்பதாம் தேதி மாலை அந்த மாத்திரை வேளைக்குப் பிறகுதான் அவர் நாற்காலியிலேயே சரிந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். நாங்களும் எரித்துவிட்டோம்.

மறுநாள் மூவரும் நிறுவனத்துக்குப் போனோம். மூன்றாம் மாடி. நடைபாதை முழுக்கக் கயிறு கட்டிய பழைய நாளிதழ் அடுக்குகள். பகலிலும் எரியும் குழல்விளக்கு. என் கணவரின் அறைக் கதவிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். திருகாணி ஓட்டைகள் நான்கு மட்டும் இருந்தன.

துணை இயக்குநர் ஓடிவந்தார். “நீங்க ஏன் அண்ணி அலையுறீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே.” இருபது ஆண்டுகளாக என்னை அப்படித்தான் அழைப்பார். வாரத்துக்கு ஒருமுறையாவது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆய்வுத் தலைவி அப்படியில்லை. என் கணவரோடு எல்லாக் கூட்டத்திலும் முட்டி மோதியவர். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார்.

“ஒப்புதலைக் கண்டெடுத்தது யார்?” என்று கேட்டார் பரிசோதகர்.

“பதினொண்ணாம் தேதி ரூமைக் காலி பண்ணினோம். டிராயரைத் திறந்தது இவர். பக்கத்துல நின்னது நான்” என்றார் ஆய்வுத் தலைவி.

ஒப்புதல் இரண்டு தாள்கள். முதல் தாளில் தட்டச்சு செய்த விவரம். இரண்டாம் தாளில் ஒரே வரி: ‘இதற்கான முழுப் பொறுப்பும் என்னுடையது.’ அடியில் என் கணவரின் கையெழுத்து. அது அவருடையதேதான்.

“கையெழுத்து அசல்” என்றார் பரிசோதகர். அவசரம் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“மாமா, முதல் தாள்ல ஸ்டேப்ளர் ஓட்டை ஒரு ஜோடி. ரெண்டாவதுல ரெண்டு ஜோடி!”

“பரவாயில்லையே. உன் அவசரத்துக்கும் ஒரு பலன் இருக்கு.”

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தடித்த பதிவேட்டைக் காட்டினார். குற்றம்சாட்டும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அதில் ஓர் எண். எண், தேதி, நேரம், எழுதுபவரின் கையெழுத்து, அவ்வளவுதான். பதில் வரும்வரை யார் பெயரும் கெடக் கூடாது என்பதால் பெறுபவர் பெயரை எழுதுவதில்லை. “என் கண்ணு முன்னாடி ஒரு நகலை உறையில வச்சு அரக்கு முத்திரை போட்டாத்தான் நம்பர் தருவேன். ஆட்சிக்குழுத் தலைவர் கூட்டத்துல அதைப் பிரிச்சு, அனுப்பின கடிதத்தோட வரிக்கு வரி ஒப்பிடுவார். ஏழு நாள் முடியாத எதையும் தொடவே மாட்டார்.”

“அடுத்த கூட்டம்?”

“பதினாறாம் தேதி. அதை விட்டா மூணு மாசம். நடுவுல வெளியாளுங்க வந்து எல்லா அறிக்கையையும் வீடு வீடாப் போய்ச் சரிபார்ப்பாங்க. வருஷா வருஷம் நடக்கிறதுதான். கூட்டத்துல கேள்வி இல்லாம முடிச்சு வச்ச விஷயத்தை மட்டும் தோண்ட மாட்டாங்க.”

பரிசோதகர் பதிவேட்டில் 211 என்ற எண்ணுக்கு நேரே இருந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடினார்.

படியிறங்கும்போது அவசரம் கிசுகிசுத்தாள்: “அந்த ஆய்வுத் தலைவிதான் மாமா. கூட வேலை பார்த்தவர் செத்திருக்கார், கண்ணுகூடக் கலங்கலை.”

“கண்ணு கலங்காதவங்களையெல்லாம் பிடிச்சு உள்ளே போட்டா, தெருவுல நடமாட ஆள் இருக்காது.”

பதினைந்தாம் தேதி மாலை எல்லாரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். ஆட்சிக்குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முத்திரையிட்ட உறை அவர் முன்னால் இருந்தது.

“இவங்களுக்கு நாலு நாள்தான் கிடைச்சிருக்கு” என்று தொடங்கினார் பரிசோதகர்.

துணை இயக்குநருக்குச் சுருக்கென்றது. “விதியை நாங்க மீறலை சார். நம்பர் வாங்கின நாள்லேருந்து ஏழு நாள். தபால் தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை.”

“ஒத்துக்கிறேன். நீங்க நம்பர் வாங்கினது ஒன்பதாம் தேதி காலை பத்து பத்துக்கு. உங்க கையெழுத்து இருக்கு. அப்ப இவங்க கணவர் உயிரோட பக்கத்து ரூம்ல இருந்தார்.”

“அவர்மேல எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு.”

“சந்தேகம் வரலாம். ஐயா, உறையைப் பிரிங்க.”

“ஏழு நாள் நாளைக்குத்தான் முடியுது. ஆனா கடிதம் வந்தவங்க தரப்பே கேட்கிறதால பிரிக்கிறேன்” என்று நீதிபதி அரக்கை உடைத்து உரக்கப் படித்தார். ‘தங்கள் மேசையில் கிடைத்த, தாங்கள் கையொப்பமிட்ட ஒப்புதலின்படி…’ அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

“பதினொண்ணாம் தேதி கிடைச்ச ஒப்புதல், ஒன்பதாம் தேதி ஒட்டின உறைக்குள்ளே எப்படி வந்துச்சு?” என்றார் பரிசோதகர். “ரெண்டாம் தாளுக்கும் விடை இங்கேயே இருக்கு. அறிக்கையோட முன்னுரையில இயக்குநர் கையெழுத்துப் போட்ட மூலப் பிரதியை எடுத்துட்டு வரமுடியுமா?”

ஆய்வுத் தலைவி எழுந்து போய்க் கோப்போடு வந்தார். முன்னுரையின் முதல் தாள் மட்டும் இருந்தது. அச்சான அறிக்கையைப் புரட்டி முன்னுரையின் கடைசி வரியைத் தானே படித்தார்: ‘இதற்கான முழுப் பொறுப்பும் என்னுடையது.’

“வாக்குமூலம் சேகரிச்சது துணை இயக்குநர். மூணு வீடு இல்லைன்னு நடந்தே கண்டுபிடிச்சவர் இயக்குநர். அவர் இருந்திருந்தா இந்த ஒப்புதலை ஒரு வார்த்தையில மறுத்திருப்பார். மறுக்க ஆள் இருக்க மாட்டார்னு காலையிலேயே தெரிஞ்ச ஒருத்தர்தான் இந்த உறையை ஒட்டியிருக்க முடியும். சாயங்கால மாத்திரையை மாத்தி வச்சவர் அந்த டப்பாவை எப்படி வீட்டுக்கு அனுப்புவார்?”

அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. “கண்டெடுத்த பிறகே நம்பர் வாங்கியிருக்கலாமே?”

“பதினொண்ணும் ஏழும் பதினெட்டு. கூட்டம் தாண்டிடும். சரிபார்க்கிறவங்க அந்த மூணு வீட்டைத் தேடிப் போயிடுவாங்க.”

“கொலைக்கே துணிஞ்சவர் ரெண்டு நாளைக் குறைக்க முடியாதா?”

“இவரால முடியாதும்மா” என்றார் ஆய்வுத் தலைவி. “இந்த விதியைத்தான் இத்தனை வருஷமா எல்லாருக்கும் பாடமா நடத்தினார்.” சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அந்த அறையில் முதலில் அழுதது அவர்தான்.

துணை இயக்குநர் என்னைப் பார்த்தே பேசினார். “பத்தொன்பது குடும்பம்னு முன்னாடியே அறிவிச்சுட்டோம் அண்ணி. பதினாறுதான் கிடைச்சுது. மிச்சத்தை நான் எழுதினேன். நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு, பத்து நாள் தர்றேன்னு அண்ணன் சொன்னார். எனக்கு முடியலை.”

“வலிச்சிருக்குமா?” என்று மட்டும் கேட்டேன்.

நீதிபதி காவல்துறைக்குத் தொலைபேசி செய்தார்.

மறுநாள் ஆட்சிக்குழு அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பை எழுதிய ஆய்வுத் தலைவி, நான் கேட்டபடி ஒரு வரி சேர்த்தார்: ‘இவை பொய் என்று முதலில் கண்டறிந்தவர், வீடு வீடாக நடந்து சென்று விசாரித்த மறைந்த இயக்குநரே.’

அதற்கு அடுத்த நாள் காலை நாளிதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘அறநெறி நிறுவனத்தின் அறிக்கை போலி.’ கீழே என் கணவரின் படம். இறப்புச் செய்திக்குக் கொடுத்த அதே படம். எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் கையிலிருந்த தாளைச் சட்டென்று மடித்தார்.

செய்திப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எதையோ மென்றபடி ஒருவர் எடுத்தார்.

“அந்த வரி எங்களுக்கும் வந்துச்சும்மா. இடம் பத்தலை.”

“எப்ப இடம் கிடைக்கும்?”

“நாளைக்கு ஏழாம் பக்கத்துல ரெண்டு வரி போடலாம். சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

சொன்னேன். திருப்பிப் படிக்கச் சொன்னேன். ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் ‘ஒப்புக்கொண்டவர்’ என்று எழுதியிருந்தார். மாற்றச் சொன்னேன். மறுபடி படித்தபோது ‘மறைந்த’ விட்டுப்போயிருந்தது. மூன்றாம் முறை சரியாக இருந்தது. ஒருமுறை மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தேன்.