சுழலி ஆறும் வரை

அந்த வண்டி உடுமலைக்கு வந்தது எந்த மாதம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனி என்றுதான் நினைவு. அந்தத் தெருக்காரர்களோ ஆடிக் காற்று தொடங்கிய பிறகுதான் என்கிறார்கள். நிறத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நனைந்த செங்கல் நிறம் என்று மனத்தில் பதிந்திருக்கிறது. பின்னால் நடந்தது அந்தச் சிவப்பைக் கூட்டியிருக்கலாம். வண்டிக்குச் சொந்தக்காரி கோகிலவாணி சொன்னதையும் நான் கண்டதையும் இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் நடந்த வரிசையில் தவறில்லை என்றே நம்புகிறேன்.

வெளியே நின்றால் வெயில் கொல்லும் என்பதால் காலை பதினொன்றுக்கு வெயில்பூட்டு விழும். எல்லா ஊரிலும் அப்படித்தான். சங்கு ஊதியதும் வாசல், சன்னல், வண்டிக்கூடம் எல்லாவற்றிலும் தகடு இறங்கி ரப்பர் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். மாலை ஐந்து வரை திறக்காது. செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சங்கு ஊதத் தொடங்கும்போதுதான் கோகிலவாணி தெருமுனையில் வண்டியைத் திருப்புவாள். பக்கத்து இருக்கையில், முழங்கையில் பஞ்சு ஒட்டிய கையை மடியில் வைத்தபடி அவள் கணவன் நாச்சிமுத்து உட்கார்ந்திருப்பான். அவன் சிறுநீரகங்கள் கைவிட்டு மூன்று வருடமாகிறது. வாரம் இருமுறை கோயம்புத்தூரில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர்.

முன்பெல்லாம் பொது மின்வண்டிக்கு முதல் நாள் மாலையே போய் வரிசையில் படுக்க வேண்டும். பேட்டரிக்கு வேண்டிய உலோகங்கள் தீர்ந்துகொண்டே வந்ததால், ஓடுகிற மின்வண்டிகள் வருடத்துக்கு வருடம் குறைந்தன. இரண்டு முறை இடம் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். இரண்டாம் முறை நாச்சிமுத்துவுக்குக் கால் பானை போல வீங்கி, மூச்சு இழுத்துவிட்டது. அந்த வாரம்தான் அரசு உள்ளெரி வண்டிகளுக்கு விலக்கு அளித்தது. கோகிலவாணி தோப்பை விற்றுப் பெயர் பதிந்தாள்.

விலக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. காடுகள் எரிந்த பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்தது தீவிலக்குச் சட்டம். அதன் பின் மூன்று தலைமுறையாக யாரும் எதையும் எரித்ததில்லை. சமையல் மின்சாரத்தில். கோயிலில் ஆரத்திக்கு ஒளித்தட்டு. இறந்தவர்களை நீரடக்கக் கூடத்தில் கரைத்தார்கள். நாற்பது கடந்த கோகிலவாணி ஒரு தீக்குச்சியைக்கூடக் கண்டதில்லை. இரும்புக்குள் அடைபட்ட தீ தீயாகாது என்று சட்டத்தைத் திருத்தி, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் செய்த பெட்ரோலை ஊற்றி, மறந்துபோன எஞ்சினை மறுபடி செய்து கொடுத்தார்கள். அந்தப் பெட்ரோலுக்கு வாசனையே இல்லை. அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

வண்டியை விற்ற நிலையத்தில் கோகிலவாணியின் தம்பி ரங்கதுரை பராமரிப்புப் பிரிவில் இருந்தான். முதல் நாள் அவனே வந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூட்டில் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஊதுசுழலி, கடையில் டர்போ என்பார்கள். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல இழுப்பது அதனால்தான். ஆயிலை நாள் தவறாமல் மாற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், விரட்டி ஓட்டி வந்தால் உடனே அணைக்கக் கூடாது.

“சுழலி அப்பிடியே செவந்து கெடக்கும் மச்சான். சட்டுனு அமத்துனா உள்ள ஆயிலு கருகி, தண்டு இறுகிப் போகும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட உட்டு, ஆறுன பொறவு அமத்துங்க” என்றான்.

“ரெண்டு நிமிசம் போதுமா மாப்ள?” என்று நாச்சிமுத்து கேட்டான்.

“கூடக் கொஞ்சம் உட்டாலும் தப்பில்லீங்க. சுழலி போச்சுன்னா மாத்துச் சுழலி வர ஒரு வருசம் ஆகும்.”

அந்த ஒரு வருடம் என்ற சொல் நாச்சிமுத்துவின் நெஞ்சில் தைத்தது. ஒரு வருடம் வண்டி இல்லையென்றால் தான் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அன்று முதல் அவன் வண்டியைத் தன் உடம்பைவிடக் கவனமாகப் பார்த்தான். விடியலில் எழுந்து ஆயில் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பான். காற்று வடிகட்டியைத் தட்டி வைப்பான். இரண்டு நிமிடம் ஐந்தாயிற்று, ஐந்து கால் மணி நேரமாயிற்று. பூட்டு விழுந்த கூடத்துக்குள், ஓடுகிற வண்டியில் சாய்ந்து கண்மூடி அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டிருப்பான். சக்களத்தியோடு குடித்தனம் பண்ணுகிறீர்களா என்று கோகிலவாணி கேலி செய்வாள். அவளாவது தன்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறாள் என்பான் அவன்.

வெளியே வரும்போது அவனுக்குத் தலை வலிக்கும். சில நாள் குமட்டும். ரத்தம் சுத்தம் செய்தவர்களுக்கு அப்படி இருக்கும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்ததால் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டு அறைகளில் காற்றுமானி உண்டு. வண்டிக்கூடத்தில் கிடையாது. மின்வண்டி மூச்சுவிடாது என்பதால் வீட்டைக் கட்டியவர்கள் அங்கே வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலேயே நேரமாகிவிட்டது. பல்லடம் சாலையில் கோகிலவாணி வண்டியை விரட்டினாள். சங்கு ஓய்ந்துகொண்டிருக்கும்போது கூடத்துக்குள் நுழைந்தார்கள். தகடு பின்கண்ணாடியை உரசுவது போல இறங்கியது. நாச்சிமுத்து சிரித்தான்.

“இன்னைக்கு அவளப் படுத்தி எடுத்துட்டே. நீ போ அம்மிணி, நான் ஆற வெச்சுட்டு வர்றேன்.”

அவள் உள்ளே போய் உப்பில்லாச் சோறு வைத்தாள். சுரைக்காய் அரிந்தாள். சுவருக்கு அப்பால் எஞ்சின் சீராக ஓடியது. அந்தச் சத்தம் இருக்கிறவரை எல்லாம் நலம் என்று அவளுக்குப் பழகிப் போயிருந்தது. சோறு ஆறிய பிறகும் அது ஓய்ந்தபாடில்லை.

கதவைத் திறந்தபோது வெதுவெதுப்பாகக் காற்று முகத்தில் மோதியது. நாச்சிமுத்து தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடமாகச் சாம்பல் பூத்திருந்த முகம் கல்யாணத்தன்று இருந்ததுபோல் சிவந்திருந்தது. அவள் எட்டி எஞ்சினை அணைத்தாள். சோறு ஆறிவிட்டது என்றாள். அடுத்த முறை சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்று ஏதேதோ பேசினாள். பேசிக்கொண்டே பஞ்சை எடுக்கலாமென்று அவன் கையைத் தூக்கினாள். அது அவள் பிடியிலிருந்து வழுக்கி விழுந்தது.

அவள் அந்தக் கையை மறுபடி எடுத்து மடியில் வைத்தாள். பிறகு தம்பியை அழைத்தாள்.

ரங்கதுரை அதே தெருவில் இருந்தான். வெயிலுடுப்பை மாட்டிக்கொண்டு, பூட்டு நேரத்திலும் ஓர் ஆள் மட்டும் நுழையத் திறக்கும் ஆள்வழியாக வீட்டுக்குள் வந்தான். வெக்கை தாக்கியிருக்கும், மயக்கம்தான், தூக்கிப் போகலாம் என்றான். இருவரும் நாச்சிமுத்துவைப் பின்னிருக்கையில் கிடத்தினார்கள். கூடத்தின் தகட்டைத் திறக்க ரங்கதுரை பூட்டு அலுவலகத்தில் அனுமதி கேட்டான். இருக்கச் சொன்னார்கள். அந்த இடைவேளையில் அவன், தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த முறைப்படி, வண்டியைக் கிளப்பினான். ஆயில் ஏறட்டும் அக்கா, கதவு திறந்ததும் பறந்துவிடலாம் என்றான். பிறகு தகட்டின் விளிம்பில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்க்க வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தான்.

அவன் எழவில்லை. முழங்கால் மடிந்து, புகைக்குழாய் அருகே பக்கவாட்டில் சரிந்தான்.

கோகிலவாணி ஓடினாள். அவளுக்கும் தரை சாய்ந்தது. எப்படி அவன் கால்களைப் பற்றி இழுத்து வந்தாள், எப்படி நடுக்கதவை உதைத்துச் சாத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. சமையலறைத் தரையில், வீட்டுக் காற்றில், ரங்கதுரை சிறிது நேரத்தில் இருமினான். அவனும் சிவந்திருந்தான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சமையலறையும் கூடமும் ஒரே வெக்கைதான். உடுப்பு போட்டுக்கொண்டு தெருவையே கடந்து வந்தவன், வண்டியின் பின்னால் குனிந்ததும் விழுந்தான். சுவருக்கு அப்பால் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நடுக்கதவின் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள்.

தகடு திறந்து, மீட்பு வண்டி வந்து, மருத்துவமனை சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. பணியிலிருந்த மருத்துவர் கருணாம்பிகை நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்து வியந்தாள். இறந்தவரின் தோல் இத்தனை நல்ல நிறமாக இருந்தது அவளுக்குப் புதிராக இருந்தது. வெப்பத் தாக்கு என்று பதியப் போனாள்.

“அப்பிடிப் போடாதீங்க. அது வெயிலில்லீங்க, வண்டி. அது விடற மூச்சுத்தான் கொன்னுருக்குது” என்றாள் கோகிலவாணி.

“அதுல தீ உள்ளதானேம்மா இருக்குது?”

“தீ உள்ள இருக்குதுங்க. மூச்ச வெளியதான உடுது.”

கருணாம்பிகை எழுதுவதை நிறுத்தினாள். பிறகு ரத்தம் எடுத்தாள். எதைத் தேடுவது என்று தெரியாமலே தேடினாள். ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்து அதைச் சிவக்க வைக்கும், மணமற்ற புகைநஞ்சைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கண்டபின், அந்த மாதத்தில் வெப்பத் தாக்கு என்று தான் எழுதி அனுப்பிய உடல்களில் எத்தனை சிவந்திருந்தன என்று யோசித்தாள். நான்கு அவளுக்கு நினைவு வந்தன. நால்வர் வீட்டிலும் புது வண்டி இருந்தது.

அடுப்பும் விளக்கும் எரிந்த காலத்தில், மூடிய அறையில் எதையும் எரிக்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருந்ததாம். தெரிந்தவர்கள் அதைத் தனியாகச் சொல்லி வைக்க நினைக்கவில்லை. எஞ்சினை மறுபடி செய்தவர்கள் உலோகக் கலவையையும் ஆயிலின் தடிப்பையும் சுழலியின் வேகத்தையும் மீட்டெடுத்தார்கள். பயத்தை யாரும் மீட்டெடுக்கவில்லை.

நாச்சிமுத்துவை ஞாயிறன்று நீரடக்கம் செய்தார்கள். ரங்கதுரை பிழைத்தான்; கை நடுக்கம் நிற்கவில்லை, மச்சான் எங்கே என்று சில காலைகளில் கேட்பான், கோகிலவாணி ஒவ்வொரு முறையும் பதில் சொல்வாள். மருத்துவர் கருணாம்பிகை வேலையை விடவில்லை. அந்த நால்வரின் வீடுகளுக்கும் நேரில் போய் வந்தாள். வண்டிக்கூடங்களின் சுவரில் துளை போடும் உத்தரவு தை மாதம் வந்தது. கோகிலவாணி வண்டியை மடத்துக்குளத்தில் ஒரு சிறுநீரக நோயாளிக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார்.