பெருவளைவில் விழுந்த மணி

"இந்தத் தடவை தண்ணியில தேடப் போறதில்ல!" என்றாள் ஜெசிந்தா.

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பரிசல் துறைக்கு வந்து நின்றவளை மாமன் மகன் லூர்து மேலும் கீழும் பார்த்தான். "பின்ன எங்க? வானத்துலயா?"

அவன் கேலியிலும் நியாயம் இருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் சூசையூர் இளைஞர்கள் அத்தனை பேரும் கொள்ளிடத்தின் பெருவளைவில் குதித்து முங்குவார்கள். பதினைந்து வருடங்களாக இதுதான் வழக்கம். வெள்ளத்தில் தொலைந்த மாதா கோயில் மணியைத் தேடித்தான் இத்தனை பாடும்! சேறும் சிராய்ப்பும் மிஞ்சும், மணி மட்டும் அகப்படாது.

தொலைத்தவர் ஜெசிந்தாவின் அப்பா சவரிமுத்து. பெருவெள்ளத்தில் பழைய கோயில் இடிந்தபோது மணியைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நடு ஆற்றில் ஒரு பெண் கைக்குழந்தையோடு மரக்கட்டையைப் பிடித்தபடி அடித்துக்கொண்டு வந்தாள். எல்லோரையும் மணியையும் சேர்த்துப் பரிசல் தாங்காது. மணியைத் தண்ணீரில் உருட்டிவிட்டு அவர்களை ஏற்றினார், வடகரையில் இறக்கிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மணி கிடைக்காமல் போகவே ஊர் வேறு கணக்குப் போட்டது. 'எந்தப் பொம்பள? எந்தப் புள்ள? மணிய வித்துட்டாருப்பா!' அன்று முதல் சவரிமுத்து புதுக் கோயிலின் வாசலுக்கு வெளியே நின்றுதான் பூசை கண்டார். அப்பாவை உள்ளே அழைத்துப் போக வேண்டும், அது ஒன்றுதான் ஜெசிந்தாவின் ஆசை.

திருச்சியில் பொறியியல் படிக்கப் போனவள், ஆறுகள் இடம் மாறுவதைக் கணினியில் கணக்கிடக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். வளைவின் வெளிக்கரையை ஆறு அரிக்கும், உள்கரையில் மணலைக் கொட்டும், இப்படியே மெல்ல நகர்ந்துகொண்டே போகும். திரையில் அவள் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாள். பெருவளைவு சூசையூரை விட்டு வடக்கே விலகிப் போயிற்று.

"பாத்தியா? நம்ம கரையத் தின்னுக்கிட்டே தெக்க வந்திருக்கு. அப்ப நடு ஆறா இருந்த எடத்துல இப்ப அக்கரைக்காரங்க வாழத்தோட்டம்!"

"அடப்பாவமே! வருசா வருசம் இல்லாத எடத்துலயா முங்கினோம்?" லூர்து தலையில் அடித்துக்கொண்டான்.

பின்னாலிருந்து ஒரு கை துடுப்பை எடுத்தது. வெள்ளத்துக்குப் பிறகு பரிசலில் காலே வைக்காத சவரிமுத்து! "நான் தள்ளுறேன், ஏறுங்க" என்றார்.

அக்கரைக்குக் கடக்குமுன் உயர்ந்த தென்கரையை ஒட்டிப் பரிசல் போனது. திடீரென்று சவரிமுத்து கத்தினார். "குனிங்க! கரை விடுது!"

தலைக்கு மேலே விரிசல் வாய் பிளந்தது. வீடு அளவு மண் பெயர்ந்து தொப்பென்று ஆற்றில் விழுந்தது! பரிசல் சுழன்றது. லூர்து அலறினான். சவரிமுத்து துடுப்பை ஊன்றி, ஒரே உந்தில் பரிசலை வெளியே தள்ளிவிட்டார்.

திரும்பிப் பார்த்த ஜெசிந்தா அப்படியே நிமிர்ந்தாள். மணல் சரிந்த இடத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு மேடு அசையாமல் நின்றது.

"களிமண்ணு! கரை பூரா மணலுன்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன்ப்பா. களி இருக்கிற எடத்துல ஆறு மெதுவாத்தான் நகந்திருக்கும். மணி அவ்வளவு தூரத்துல இல்ல!"

பரிசலில் உட்கார்ந்தபடியே கணக்கைத் திருத்தினாள். திரையில் மணி இருக்குமிடத்தைக் காட்டிய புள்ளி வாழைத்தோட்டத்தை விட்டு இறங்கி, ஆற்றை ஒட்டிய கத்தரிக் கொல்லையில் வந்து நின்றது.

கொல்லையில் கால் வைத்ததுதான் தாமதம், அரிவாளோடு ஒரு பெண் ஓடி வந்தாள். "சூசையூர்க்காரவங்களா? எங்க மண்ணுல என்ன வேல?"

இரு கரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இங்கே கரைந்த நிலம் அங்கே சேர்ந்ததில் வந்த பகை. லூர்து பின்வாங்கினான். சவரிமுத்து முன்னே வந்தார்.

"பயப்படாத தாயி. ஒண்ணும் ஆகாது, பயப்படாத."

அரிவாள் கீழே விழுந்தது. "இந்தக் கொரலு... அண்ணே! வெள்ளத்துல எங்கள ஏத்திக்கிட்டு, இதத்தானே சொல்லிக்கிட்டே வந்தீங்க? சாமி கும்புடுறப்பல்லாம் பேர் தெரியாத அந்த அண்ணன் நல்லாருக்கணும்னுதானே கும்புடுறேன்!"

அவள் பெயர் அமிர்தவல்லி. மணியின் கதையைக் கேட்டதும் காய்த்துக் குலுங்கிய கத்தரிச் செடிகளைத் தானே பிடுங்கி எறிந்தாள். "செடி இன்னொரு தடவ வைக்கலாம். தோண்டுங்க!"

அவள் குரல் கொடுக்க, வடகரை ஆட்கள் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் தோண்டியாயிற்று. ஊற்று பொங்கியது. லூர்து கடப்பாரையை ஓங்கிக் குத்தினான்.

டங்!

பச்சை படிந்த மாதா கோயில் மணி மேலே வந்தது. சவரிமுத்து அதைத் துண்டால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் மணி ஒரு பரிசலில் வந்தது; அமிர்தவல்லியும், அன்று கைக்குழந்தையாக இருந்து இப்போது பத்தாவது படிக்கும் மகள் கயல்விழியும் இன்னொன்றில் வந்தார்கள். "இந்தத் தடவ எதையும் தண்ணியில உருட்டிவிட வேணாம் மாமா!" என்றான் லூர்து. சூசையூர் துறையில் ஊரே திரண்டிருந்தது. கோயில் முகப்பில் மணியைக் கட்டினார்கள்.

"மன்னிச்சிரு சவரி" என்றார் நாட்டாமை, தலை நிமிராமல். "மொத மணிய நீதான் அடிக்கணும்."

சவரிமுத்து கயிற்றைக் கயல்விழியின் கையில் கொடுத்தார். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க சொன்னது சரிதான்யா. மணிய வித்தேன்தான். இந்தப் புள்ளைக்குத்தான் வித்தேன்."

அமிர்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கயல்விழி கயிற்றை இழுத்தாள். ஓசை இரண்டு கரைக்கும் கேட்டது. ஆறு இப்போது ஓடும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது வந்த வழியையும் பார்க்க வேண்டும் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். மணியைப் பத்திரமாக மூடி வைத்திருந்த ஆற்றுக்கும் அதைத் திருப்பித் தந்த அக்கரைக்கும் மனதார நன்றி சொன்னாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனாள்.