பூண்டு சேராத பந்தி

சாப்பிட வந்தவர்கள் மூன்று பேர்தான். ஆனால் அந்த நீளமான அறையில், பாய்மேல், குட்டைக் கால் வைத்த கறுப்புத் தட்டுகள் சுவரோரமாக ஒரு கல்யாணப் பந்திக்குப் போதுமான அளவுக்கு வரிசையாக இருந்தன. நளினி வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாத் தட்டிலும் சோறு இருந்தது. எல்லாக் கிண்ணத்திலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. தட்டுகளுக்கு முன்னால்தான் ஆள் இல்லை.

"இன்னும் யாரு தம்பி வரணும்?"

புவனேஸ்வரன் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி. குருண் டவுனிலிருந்து அவளைத் தன் காரில் ஏற்றிவந்தவன் அவன்தான். அவள் கணவர் இருளப்பன் செத்துப்போன சேதியைக் கதவைத் தட்டிச் சொன்னவனும் அவன்தான்.

"யாரும் வரல அக்கா. அது அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

"முன்னாடி போனவங்களுக்கு லா. நேப்பாளிங்க, பங்களாதேஷ்காரனுங்க, பர்மாக்காரனுங்க. நம்ம பேக்டரியில வேல செஞ்சவங்கதான்." அவன் நிமிராமலே சொன்னான். "அண்ணனோட தட்டு கடைசியில இருக்கு."

இத்தனை பேரா? தொழிற்சாலை இயந்திரம் இருளப்பன் ஒருவரைத்தான் இழுத்துக்கொண்டது என்று அவள் நினைத்திருந்தாள். மற்றவர்களைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அவர்களுக்கு அழுவதற்கு இந்த ஊரில் ஆள் இல்லை, அதனால் அவர்கள் சாகவும் இல்லை போலிருக்கிறது.

ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த வீடு ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டத்துத் துரையின் பங்களாவாக இருந்தது. தோட்டம் விலைபோனதும் தொழிற்சாலையின் ஜப்பான் முதலாளிகள் வாங்கி, சுவரை இடித்துத் தாள் கதவு போட்டுக் கோயிலாக்கிவிட்டார்கள். ஒரு துரை போனால் இன்னொரு துரை. இறந்தவருக்கு ஏழு வாரம் முடிந்தால் அவர்கள் வழக்கப்படி சைவ விருந்து வைப்பார்களாம், வீட்டுக்காரி கட்டாயம் வரவேண்டுமாம். போனில் புவனேஸ்வரன் அப்படித்தான் சொன்னான்.

உள்ளிருந்து மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக வயதான பிக்கு ஒருவர் வந்தார். இடுப்பை மடித்து வணங்கினார். பிறகு செய்ததுதான் நளினிக்குப் பிடிக்கவில்லை. அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவள் வாய்க்கு முன்னால் மூக்கை வைத்து, மெல்ல முகர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இன்னிக்கி வெங்காயம், பூண்டு சாப்டீங்களான்னு கேக்கறாரு," என்றான் புவனேஸ்வரன்.

"ரொட்டியும் தேத்தண்ணியும்தான்."

"இங்க அது ஆகாது அக்கா. கறி மீனு மட்டும் இல்ல, வெங்காயம் பூண்டும் கூடாது. வாயில அந்த வாட இருந்தா, பசியோட அலையறவங்க வந்து ஒதட்ட நக்குவாங்களாம்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பழைய காலத்து நம்பிக்க லா."

நளினி கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. இரண்டு பைகளில் சுற்றிக் கட்டியிருந்தாள்.

ஒரு பூண்டுப் பல்லைக்கூட நோகடிக்காமல் சமைக்கிறார்கள். ஓர் இயந்திரத்தைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு மனிதன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று விட மட்டும் இவர்களுக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருளப்பன் டிபன் கேரியரைத் திறந்திருக்கிறார். ரோலர் சிக்கிக்கொண்டது, வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லும் ஜாதி இல்லை அவர். கையைக்கூட அலம்பவில்லை, அலம்ப வேண்டிய அவசியமே இல்லை, இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. அந்த டிபன் கேரியர் மாலையில் ஒரு பையில் போட்டு அவளிடம் வந்து சேர்ந்தது. சோறு வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் கருவாட்டுச் சம்பலும்.

மனிதர் பசியோடு போனார். இந்த ஏழு வாரமாக நளினியால் விழுங்க முடியாதது அது ஒன்றுதான். பதினாறாம் நாள் காரியத்தில் படைத்தாள், காக்கை வரவில்லை. அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் படைத்தாள், அப்போதும் வரவில்லை. கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. அவர் வீட்டுக்கே வந்து சேரவில்லை. இவர்கள்தான் எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இவர்கள் இடத்துக்கே போய்த்தான் அவருக்குச் சோறு போட வேண்டும்.

அவர்களை வரிசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பெரிய மேனேஜர் மொரிதா, கறுப்புக் கோட்டில், அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத் தலை வணங்கினார். சாப்பிடும்போது பேசக்கூடாது என்று புவனேஸ்வரன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். சிறிய கிண்ணத்தில் சோறு. எள்ளை அரைத்துக் களிபோல் இறுக்கிய ஒரு வெள்ளைத் துண்டு. உப்பு போட்டார்களா இல்லையா என்று தெரியாத தாமரைக் கிழங்கு. கடற்பாசி வேகவைத்த தெளிந்த நீர். நாலு துண்டு முள்ளங்கி ஊறுகாய். எல்லாமே பார்க்க அழகு, வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. இருளப்பன் இருந்திருந்தால் "வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டிருப்பார்.

வெளியே மலைமேல் மேகம் இறங்கி, இருட்டும் நேரத்துக்கு முன்பே அறை மங்கத் தொடங்கியது. எண்ணெய் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. மின்விசிறி இல்லை, சன்னல் இல்லை, காற்று என்பதே இல்லாமல் பாய் வாடையும் ஊதுபத்தி வாடையும் மூக்கடியில் தேங்கி நின்றன. நளினி எதிர்வரிசைத் தட்டுகளைப் பார்த்தாள். கிண்ணங்களிலிருந்து வந்த ஆவி நேராக மேலே போகவில்லை. ஒவ்வொரு கிண்ணத்திலும் சற்று எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி எழுந்து, மறுபடி சாய்ந்தது. சூடு ஆற யாரோ பொறுமையாக ஊதிக்கொண்டிருந்தால் அப்படித்தான் சாயும்.

மற்றவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. முள்ளங்கியைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கறுக், கறுக். மொரிதா குச்சியைக் கீழே வைத்தார். புவனேஸ்வரன் வைத்தான். பிக்கு வைத்தார். நளினி வாயில் இருந்ததை விழுங்கினாள்.

கறுக், கறுக் என்று கடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

அவள் புவனேஸ்வரனைப் பார்த்தாள். அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிக்கு அவசரமில்லாமல் எல்லோர் கிண்ணத்திலும் வெந்நீர் ஊற்றினார். கடைசி முள்ளங்கித் துண்டால் கிண்ணத்தை வழித்துத் துடைத்து, அந்த நீரையும் குடித்துவிட வேண்டும். ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. அவர்கள் துடைத்த வேகத்தைப் பார்த்தால் அது பக்தியாகத் தெரியவில்லை. பயமாகத் தெரிந்தது.

எழுந்திருக்கும் நேரத்தில் நளினி சொன்னாள். "நான் அவர்கூட கொஞ்ச நேரம் தனியா இருக்கணும் தம்பி. கேட்டுச் சொல்லுங்க."

புவனேஸ்வரன் கேட்டான். பிக்கு தலையசைத்தார். பின்பக்கம் இறந்தவர்கள் பெயர் எழுதி நட்ட பலகைகளுக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லி மூவரும் போனார்கள். தாள் கதவு மூடியது. டவுன் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்த மஃரிப் பாங்கு, மழை இறங்கியதும் பாதியில் அமுங்கிப்போனது.

அவள் கடைசித் தட்டுக்கு நகர்ந்து போய் உட்கார்ந்து, பையைப் பிரித்து, டப்பாவைத் திறந்தாள். கோலா கெடாவில் வாங்கிய கருவாடு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தட்டிப் போட்ட பூண்டு, எல்லாம் எண்ணெயில் கறுத்துச் சுருண்டு கிடந்தன. வாடை குப்பென்று எழுந்தது. அந்த வெறும் அறையில் முதன்முதலாக ஒரு வீட்டு வாடை. அவளுக்கு அழுகை வந்தது. சோற்றின்மேல் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

"இந்தாங்க, சாப்பிடுங்க. இப்ப யாரும் கூப்பிட மாட்டாங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, படைத்தால் வீட்டார் ஒரு வாய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கத்தில், யோசிக்காமல், அவர் சோற்றிலிருந்து ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டாள். உறைப்பு ஏறியது. உதட்டில் எண்ணெய் வழிந்தது.

கடிக்கும் சத்தம் நின்றது.

எல்லாக் கிண்ணங்களிலும் ஆவி ஒரே நேரத்தில் அறுந்தது. வரிசையின் அந்தக் கோடியில் பாய் நெரிந்தது. முட்டி சொடுக்கும் சத்தம். யாரோ எழுந்திருக்கிறார்கள். பிறகு அடுத்த தட்டில். அடுத்ததில்.

மழைதான் என்று நினைத்துக்கொண்டாள். பழைய வீடு, பலகை ஊறுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

முகத்துக்கு நேரே குளிர் அடித்தது. இயந்திர எண்ணெயும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்த வாடை. உதட்டின் ஓரத்தில் ஏதோ பட்டது. சொரசொரப்பாக. ஈரமாக. கன்றுக்குட்டி உப்பை நக்குவதுபோல, கவனமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை.

கத்த வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, வெட்கமில்லாமல், ஓர் ஆசையும் எழுந்தது.

"ஏங்க?"

கையை நீட்டித் தொட்டாள். வழுவழுப்பான கன்னம். மீசை இன்னும் சரியாக முளைக்காத மேலுதடு. பையன். யாரோ பெற்ற பிள்ளை. இருளப்பனுக்குத் தடித்த மீசை.

அவன் நகர்ந்தான். அடுத்தது வந்தது. இதற்குத் தாடி இருந்தது. அதற்கடுத்ததற்குக் கீழ்த்தாடை இல்லை, நாக்கு மட்டும் தொங்கியது. அவள் கண்ணை இறுக மூடினாள். மூடியபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது, எத்தனை நாக்குகள் என்று. திறந்தாள். தட்டில் இருந்த கறுப்புக் கிண்ணத்து நீரில் விளக்கு தெரிந்தது. அவள் முகம் தெரிந்தது. அவளுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. நீல நிற வேலைச் சட்டைகள். வரிசையின் கடைசியில், வலது கைச் சட்டை தட்டையாகத் தொங்க, தலையைக் குனிந்துகொண்டு ஒருவர்.

அவரேதான். எங்கே போனாலும் இடிக்காமல், முந்தாமல், கடைசியில் நிற்கும் அவரேதான்.

முன்னால் வாங்க. சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் ஒன்று புகுந்தது. பல்லிடுக்கில் இருந்ததைத் துழாவி எடுத்துக்கொண்டு போனது.

தட்டைப் பார்த்தாள். சம்பல் இல்லை. சோறு இல்லை. வழித்துத் துடைத்திருந்தது. டப்பாவும் பளபளத்தது. இனி உதட்டில் இருப்பதுதான். அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாக்கும் வந்தது, எடுத்தது, போனது. தோல் காய்ந்து எரிந்தது.

தயவு செஞ்சு. அவருக்குக் கொஞ்சம் வைங்கடா.

அவர் வந்தார்.

குனிந்தார். மீசை அவள் கன்னத்தில் உரசியது. ஒருமுறை நக்கினார். ஒன்றுமில்லை. மறுமுறையும் ஒன்றுமில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"பரவால்ல நளினி," என்றார். "நான் அப்புறமா சாப்டுக்கறேன்."

திரும்பினார்.

வெளியே காலடிச் சத்தம். "அக்கா," என்று கதவுக்கு அந்தப் பக்கம் புவனேஸ்வரன் கூப்பிட்டான். "முடிஞ்சிருச்சா அக்கா? போலாமா?"

நளினி கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். ஆழமாக. பல்லோடு பல் சேரும் வரைக்கும்.

சூடாக வழிந்தது. அவர் நின்றார். திரும்பி வந்தார். இருக்கிற ஒரு கையால் அவள் தாடையை ஏந்திக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், சாப்பிட்டார். மெல்லவில்லை. மூச்சு விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

"அக்கா?"

அவர் தோளுக்குப் பின்னால், சுவரோரமாகத் தங்கள் இடங்களுக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கை உயர்த்தினார்கள். முதலில் அந்தப் பையன். பிறகு தாடிக்காரர். ஒவ்வொருவராக, தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, எழுந்தார்கள்.