தங்கராஜு கை விடாத விமானம்

மலாயாவின் லாபிஸ் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது பகல் பதினொன்று. மழை மூட்டத்தில் அந்தி போலிருந்தது. வருஷம் 1931. ரப்பர்த் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஜெயபாலன் குடையோடு நின்றான்.

“கையெழுத்து கிடைச்சுதா அண்ணே?”

“கிடைச்சிருந்தா மூஞ்சிய இப்படியா வச்சுக்கிட்டு வருவேன்?”

பெரிய யுத்தத்தில் பறந்த ராணுவ விமானம் ஒன்று அவன் தோட்டத்து ரப்பர்க் கொட்டகையில் கிடந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் வியாபாரி நான், என் கடையை விற்று அதை அவனிடம் வாங்கியிருந்தேன். என்னிடமிருந்து வாங்கச் சிங்கப்பூரில் ஆள் தயார். ஒரே நிபந்தனை: கைமாற்றிய ஒவ்வொருவரும் விற்றதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மாலைக்குள் காகிதம் சேராவிட்டால் தோட்டத்துத் துரை அதை உடைத்து, ரப்பருக்குப் புகைபோட விறகாக்கிவிடுவார்.

மூன்று வாரம் நாயாய் அலைந்தேன். கப்பலில் கொண்டுவந்த வெள்ளைக்காரரை ஜொகூர் பாருவில் பிடித்தேன். கையெழுத்துப் போட அவருக்குக் கண்ணாடி தேடவே அரை நாள். அவரிடம் வாங்கியவர் கோத்தா திங்கி மாட்டுத் தரகர் தங்கராஜு. “தீனி கேக்காத மாடு இது ஒண்ணுதான்” என்றாராம். அவரிடமிருந்து ஜெயபாலன். ஆனால் தங்கராஜு செத்து இரண்டு வருஷம். முந்தின நாள் அவர் மனைவி சந்திரமதியைக் கேட்டால், “அவரு விக்கவே இல்லீங்க. கிராணி குடுத்த காச நான் தொடவுமில்ல” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

கொட்டகை வாசலில் ஜெயபாலனை மடக்கினேன்.

“உண்மையச் சொல்லுடா. எப்படி வாங்கினே?”

“மாட்டுச் சந்தை வழக்கந்தாண்ணே. இங்கதான் துண்டைப் போட்டு, உள்ளே விரல் பிடிச்சோம். விரலுக்கு நூறு வெள்ளி. நான் மூணு பிடிச்சேன்.”

“அவரு?”

“நாலு கேட்டாரு. அப்படியே மாரடைச்சுச் சாஞ்சிட்டாரு.”

“கையை விட்டாரா?”

விற்கிறவன் கையை விட்டால்தான் வியாபாரம் முடிந்தது. நடக்கப் பழகும் முன்பே எனக்குத் தெரிந்த சட்டம் அது.

“நான்தாண்ணே விரலப் பிரிச்சு எடுத்தேன்.”

“அலமாக்! பொணத்துக்கிட்ட பேரம் முடிச்ச மொத ஆளு நீதாண்டா.”

உள்ளே புளித்த ரப்பர்ப் பால் வாடை. கிழிந்த இறக்கைத் துணியில் கூரைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, மாடே இல்லாத இடத்தில், சாணி நாற்றம்.

எரிச்சல் தலைக்கேறியது. தோள் துண்டை உதறி இறக்கைமேல் விரித்தேன். அடியில் கையை நுழைத்தேன்.

“இந்தாங்க தங்கராஜு அண்ணே, நீங்க கேட்ட நாலு. விட்டுத் தொலைங்க.”

உள்ளே ஒரு கை இருந்தது.

ஈரமாக.

நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தது. பிறகு, அவசரமே இல்லாமல், கட்டைவிரலைத் தேடியது.

“ஜெயபாலா, துண்ட எடு.”

அவன் இழுத்தான். அடியில் வெறும் இறக்கை. பிடி மட்டும் தளரவில்லை.

“அஞ்சு! சரி, அஞ்சே வச்சுக்குங்க!” என்று கத்தினேன்.

விடவில்லை.

அன்று மாலையில் துரையின் ஆட்கள் விமானத்தைப் பிளந்து அடுப்பில் போட்டார்கள். இறக்கை, வால், எல்லாம் சாம்பல். விற்கப் பொருளில்லை, வாங்கக் கடையில்லை. பேரம் மட்டும் நடக்கிறது.

இதை இடக்கையால் எழுதுகிறேன். வலக்கை விரல் ஐந்தும் அன்றைக்கு மடங்கியவை, இன்னும் பிரியவில்லை.

இன்று காலையிலிருந்து இடக்கைச் சுண்டுவிரலும் ஈரமாய்ச் சில்லிடுகிறது.

ஆறு கேட்கிறார்.