அத்திப் பால்

"வீட்டுப் பின்னால ஏதோ ஒரு மரம், என்ன மரம்னே தெரியலை" என்று யாராவது போன் செய்தால் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. நர்சரியில் இதற்கென்றே என்னை வைத்திருக்கிறார்கள். மரத்தின் பெயர் தெரிந்ததும் பாதிப் பேருக்கு அதை வெட்டத்தான் கை துறுதுறுக்கும்.

அந்தப் பழைய வீட்டுக்கு நான் போனபோது நல்ல வெயில். கதவைத் திறந்த பெண் தணிந்த குரலில் பேசினாள். கணவன் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"அவர் வெட்டியே தீரணுங்கறார் அக்கா. எனக்கு மனசு வரலை. நீங்க சொன்னா கேப்பாரு."

பின்பக்கம் அந்த மரத்தைத் தவிர ஒரு புல்கூட இல்லை. மடல் மடலாகப் பிரிந்த இலை, தடவினால் சொரசொரப்பு. கிளையில் கணுவுக்குக் கணு மெல்லிய வளையம். ஒரு இலையைக் கிள்ளினேன். வெள்ளையாகப் பால் வடிந்தது.

"சீமை அத்தி" என்றேன்.

"இத்தனை காய்க்குது, ஒரு பூகூட நான் பார்த்ததில்லையே?"

"அத்தி பூத்த மாதிரின்னு சும்மாவா சொல்றோம்?" ஒரு காயைப் பறித்து நறுக்கிக் காட்டினேன். "பாரு, பூவெல்லாம் உள்ளேதான். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது."

அதற்குள் கணவன் ரம்பத்தோடு வந்துவிட்டான். வாட்டசாட்டமான ஆள், எந்நேரமும் ஒரு சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிப்பை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

"பத்து வருஷ மரம் போலிருக்கே" என்றேன்.

"மூணு வருஷம்தான் மேடம். என் முதல் சம்சாரம் எவன்கூடவோ ஓடிப்போனா. அப்புறம் இது தானா முளைச்சுது."

"மூணு வருஷத்துல இவ்வளவு பருமனா? அடியில என்ன உரம் போட்டீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் சிரிப்பு நின்றுபோனது.

"வெட்டறதுன்னா முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க. இந்தப் பால் பட்ட இடத்துல வெயில் பட்டா தோல் வெந்துடும்" என்று எச்சரித்தேன்.

அவன் எனக்கு எதிரிலேயே சட்டையைக் கழற்றி வீசினான். அறுக்க அறுக்கப் பால் அவன் மார்பிலும் கையிலும் தெறித்தது. வெட்டிய கிளைகளை அவள் அழுதுகொண்டே இழுத்துப் போட்டாள். அவளுக்கும் முழங்கை வரை பால். மரம் முறியும் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று கேட்டது அந்தச் சத்தமில்லை.

யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். "அவருக்குத் தோல் வெந்துபோச்சு. நீங்க வந்து பாக்கணும் அக்கா. டாக்டருக்கே புரியலை."

போனேன். இலை கிள்ளிய என் விரல் நுனியிலேயே கொப்புளம் இருந்தது. அவள் கையில் ஒரு சிவப்புகூட இல்லை.

வெயில் படாமல் இருந்தால் அவன் புண் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அறையின் அகல ஜன்னலை இரு மூலையிலும் ஆணி அடித்த ஒரு கனத்த கறுப்புத் துணி மறைத்திருந்தது. உள்ளே பச்சைப் பால் வாடை குமட்டியது. மருந்து மயக்கத்தில் அவன் கண்மூடிக் கிடந்தான். அவள் டார்ச் அடித்தாள்.

மார்பில் ஒன்றுமில்லை. கைகளில் ஒன்றுமில்லை.

கழுத்தில் மட்டும், இரு பக்கமும் நான்கு நான்கு விரல் வெந்த தடம். தொண்டைக்குழியில் இரண்டு கட்டைவிரல்.

சின்ன விரல்கள். ஒரு பெண்ணின் விரல்கள்.

அருகில் போய்த் தொட்டேன். விரல் பிசுபிசுத்தது. அப்போதுதான் வடிந்த பால்.

மரம் சாய்ந்து இரண்டு நாளாகிவிட்டது.

நான் தொட்டதை அவன் மனைவி தொட்டதாக நினைத்துக்கொண்டான் போல. கண் திறக்காமலே முனகினான். "ஆறிட்டு வருதுடி. நான் எந்திரிக்கட்டும், அந்த மரத்துக்கு அழுததுக்கு உனக்கு இருக்கு. அவளைப் புதைச்ச குழியிலயே உன்னையும் வெக்கிறேன்."

டார்ச்சை அணைத்துவிட்டு அவள் என் காதருகில் வந்தாள்.

"அவங்க ஓடிப்போகலை. இல்லக்கா?"

பயத்தையும் மீறி எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

"இப்ப வெயில் பட்டா?" என்று கேட்டாள்.

"வேகும்" என்றேன்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். வெளியே உச்சி வெயில். நான் தடுக்கவில்லை. துணியின் இந்தப் பக்க முனையைப் பிடித்து இழுத்தாள். ஆணி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

அந்தப் பக்க முனையையும் யாரோ இழுத்தார்கள்.

துணி மொத்தமாக விழுந்தது. வெயில் கட்டிலை நிறைத்தது. அவன் கண் திறந்தான். எங்களைப் பார்க்கவே இல்லை. ஜன்னலின் அந்தப் பக்கத்து மூலையைப் பார்த்து, இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டு அலறினான்.