காற்றைக் குடிக்கும் சைக்கிள்

கயற்கண்ணி ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் வழக்கம்போல அவள் நாடியைப் பார்த்தது. "நேத்து சரியாத் தூங்கலபோல. இன்னைக்கு மெதுவாத்தான் போவேன்" என்றது.

செவ்வாய்க் கிரகத்தில், கூரையால் மூடிய அந்த நகரத்தில் மின்சைக்கிள்கள் எல்லாமே அப்படித்தான். வேகத்தை அவையே முடிவு செய்யும். சாய்வதற்கு முன்பே நிமிர்த்திவிடும். யாராவது விதியை மீறினால் அவையே கண்டித்து, அவையே மன்னித்தும் விடும்.

கணவன் பூமிக்குத் திரும்பிய பிறகு அவள் நகரத்தின் ஓரத்தில் தனியாக இருந்தாள். காற்றுக் குழாய்களைச் சோதிக்கும் வேலை. சாப்பாட்டை இயந்திரம் கொண்டுவந்தது. காய்ச்சலென்றால் இன்னொரு இயந்திரம் வந்தது. மனிதக் குரலை நேரில் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஒரு காலையில் சைக்கிளின் மின்கலம் செத்துப்போனது. பட்டறையில் கிடந்த பழைய பம்பின் எஞ்சினை அதில் பூட்டி, சின்ன மீத்தேன் உருளையை இணைத்து உதைத்தாள். படபடவென்ற அதிர்வு தோள்வரை ஏறியது. மூன்றாவது தெரு தாண்டுவதற்குள் நகரமெங்கும் அபாயச் சங்கு ஊதியது.

எரியும் எஞ்சின் எல்லோருடைய ஆக்சிஜனையும் குடித்துவிடும். அங்கே அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மனிதரின் மூச்சைப் பற்றிய வழக்கை இயந்திரம் விசாரிக்கக் கூடாது என்பதும் சட்டம். ஆகவே காற்றுக்காவல் அதிகாரி ஞானதிரவியம் மூச்சிரைக்க, தானே நேரில் வந்தார்.

"ஏம்மா, எல்லாரும் மூச்சு விடுற காத்தும்மா இது! உங்க ஒருத்தர் சவாரிக்கு எரிக்கிறீங்களே, தப்பில்லையா?"

"தப்புதான் சார்." அவள் கண்கள் நிறைந்திருந்தன. "இன்னும் கொஞ்சம் திட்டுங்க சார்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு அவள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். தன் முழங்கால் வலியைப் பற்றி, பூமியில் இருக்கும் மகளைப் பற்றிப் பேசினார். போகும்போது எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டார். "மறுபடி ஓட்டினா ஊரை விட்டே அனுப்பிருவாங்கம்மா."

சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு பம்பைக் கழற்றினாள்.

இம்முறை ஞானதிரவியம் திட்டவில்லை. வாசலிலேயே நின்றார். "நீங்க மட்டும் இல்லம்மா. ஊர்ல முக்காவாசிப் பேரு எஞ்சின் பூட்டிட்டாங்க. காத்து குறைஞ்சுட்டே வருது. வீடு வீடா வர என்னால முடியல. நாளைக்கு எல்லாரையும் ஒரே மண்டபத்துல வச்சு விசாரிக்கப் போறேன். வந்துருங்க."

ஊரை விட்டு அனுப்பப்படும் பயம்கூட அவளுக்கு மறந்துபோனது. எல்லாரும் ஒரே மண்டபத்தில்! பெட்டியின் அடியிலிருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். யாரிடம் முதலில் பேசுவது, என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. ஒரு மனிதக் குரலுக்காக அத்தனை பேரின் மூச்சையும் எரித்தவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தமில்லை. தங்கள் பெயர் அழைக்கப்படும்வரை எல்லோரும் குனிந்து, உள்ளங்கையிலேயே ஒளிரும் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். கயற்கண்ணி சிரித்தாள். அவர் அவசரமாகத் தன் பையை எடுத்துப் பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்தார்.

அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு இரண்டு பக்கமும் ஆளில்லாத ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையை விரித்தாள்.