வித்யாஸ்ரீ கம்ப்யூட்டரான நாள்

வாழவந்தி நாடு என்ற மலைப்பகுதியில் பழம் சேர்க்கும் கொட்டகை ஒன்று உண்டு. மலைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்துவது அது. பலாவும் அன்னாசியும் அங்கே வந்து சேர்ந்து, லாரி ஏறி நாமக்கல்லுக்குப் போகும். கொட்டகையின் மொத்தப் பொறுப்பும் அனுராதாவின் தலையில். அவள் மகள்தான் நம் வித்யாஸ்ரீ. ஆறாம் வகுப்பு படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

போன வருடம் அனுராதா கொட்டகைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாள். அதில் இருந்த மென்பொருளோ ஏதோ டவுன் கடைக்காகச் செய்தது. ஒவ்வொரு பழத்துக்கும் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டு என்றது. பலாப்பழத்து முள்ளில் ஸ்டிக்கர் நிற்குமா? காலையில் ஒட்டியதை மதியம் ஆடு மென்றுகொண்டிருந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யாருடைய பழம் யார் பெயரில் ஏறுகிறது என்றே தெரியாமல் போனதுதான் பெரிய வம்பு. தன் பழத்தை ராசாமணி அக்கா எடுத்துக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டுக் கலைமணி அக்கா சண்டை போட, இருவரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெட்டியே வேண்டாம் என்றது ஊர். அனுராதா கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு வாய்ப்பு வாங்கினாள். நம் கொட்டகைக்கென்றே தனியாக ஒரு மென்பொருள் செய்யச் சொல்லலாம், அதுவும் சரிப்படாவிட்டால் பொறுப்பை விட்டே விலகிக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அந்தக் கொட்டகைதான் உயிர் என்று வித்யாஸ்ரீக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சேலத்திலிருந்து செந்தில்நாதன் வந்தார். மென்பொருள் செய்யப்போகிறவர் அவர்தான். உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொருவரையும் பொறுமையாகக் கேட்டார்.

நல்லா இருக்கணும் என்றார் ஒருவர். சுறுசுறுப்பா ஓடணும் என்றார் இன்னொருவர். தோட்டக்காரர்கள் சங்கத் தலைவர் வெங்கிடுசாமி, மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாமே வரணும் என்று முடித்துவிட்டார். செந்தில்நாதனின் பேனா ஒரே இடத்தில் நின்றது.

"எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க" என்றார் அவர். "நான் சொல்லிக் குடுத்ததை மட்டுந்தான் கம்ப்யூட்டர் செய்யும். அதுவா யோசிக்காது. செஞ்சு முடிச்ச பெறகு மாத்தறது, ஊடு கட்டின பெறகு சமையலறையை இடம் மாத்தற மாதிரி."

எல்லாரும் தலையாட்டினார்கள். அதோடு சரி. அம்மாவின் முகம் வாடுவதைப் பார்த்ததும் வித்யாஸ்ரீயால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் கம்ப்யூட்டரா உக்காரட்டுங்களா?" என்று கேட்டாள். "இவங்க நெசமாவே பழத்தைக் கொண்டாரட்டும். நீங்க சொல்லிக் குடுத்ததை மட்டும் நான் கேக்கறேன். நானா யோசிக்க மாட்டேன்."

"சும்மா இரு கண்ணு" என்று அனுராதா அதட்டினாள். ஆனால் செந்தில்நாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று சொல்லி, அவரே ஒரு அட்டைப்பெட்டியில் சதுரமாக ஓட்டை வெட்டி அவள் தலையில் மாட்டிவிட்டார். பெயரைக் கேள், பழம் எத்தனை என்று கேள், வேறு ஏதாவது சொன்னால் 'தவறு' என்று சொல் என்றார்.

முதல் ஆளாக வெங்கிடுசாமி ஒரு பழத்தோடு வந்தார். பெட்டி பெயரைக் கேட்டது.

"நம்ம ஊட்டுப் பழந்தான்" என்றார் அவர்.

"தவறு" என்றது பெட்டி.

"யாரைப் பாத்து தவறுங்கற?" என்று அவர் மீசை துடித்தது.

கொட்டகையே சிரித்தது. வித்யாஸ்ரீக்கு மட்டும் சங்கடமாக இருந்தது. பெரியவரைப் போய் அப்படிச் சொல்லலாமா? உள்ளிருந்தபடியே, "புரியலீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். வெங்கிடுசாமி குளிர்ந்துபோய்த் தன் முழுப் பெயரையும் சொன்னார்.

அடுத்து ராசாமணி அக்கா அன்னாசிக் கூடையோடு வந்தாள். பெயர் சொன்னாள், பன்னிரண்டு பழம் என்றாள். "ராசாமணி பேரில் பன்னிரண்டு" என்றது பெட்டி.

"ஏங் கண்ணு, பன்னெண்டும் என்ற பழம் இல்லையே. மேட்டு ஊடுகளுக்குத்தான் ரோடு இல்லையே, ஒரு நாளைக்கு ஒருத்தரா எல்லார்த்து பழத்தையும் தூக்கியாருவோம். இன்னைக்கு என்ற முறை."

"புரியலீங்க. எது யாருதுன்னு சொல்லுங்க."

"காம்பைப் பாரு. நார் முடிச்சு போட்டது எங்குளுது. சுண்ணாம்புப் பொட்டு வெச்சது கலைமணியுது. கத்தியில கீறினது கடைசி ஊட்டுது."

செந்தில்நாதன் எழுந்தே விட்டார். இதை ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை என்று கேட்டார். ராசாமணி அவரை வியப்போடு பார்த்து, "இது யாருக்குங்க தெரியாது?" என்றாள்.

பெட்டியைக் கழற்றிவிட்டு வித்யாஸ்ரீ கத்தினாள். "அம்மா, பளைய கம்ப்யூட்டரும் இப்பிடித்தான் பண்ணியிருக்குது. யார் தூக்கியாந்தாங்களோ அவங்க பேர்லயே எல்லாத்தையும் ஏத்தியிருக்குது. ராசாமணியக்கா எதையும் எடுத்துக்கலை."

ஓரமாக நின்றிருந்த கலைமணி அக்கா நேராக வந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். ராசாமணி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு விளையாட்டு சூடு பிடித்தது. மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடும் என்று யாரோ சொல்ல, மறுபடி பெட்டியை மாட்டியிருந்த வித்யாஸ்ரீ கண்ணை மூடி உறங்குவதுபோல் நடித்தாள். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யவேண்டும் என்று செந்தில்நாதன் எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அவர் பேனா எழுதி ஓய்ந்தது.

பலாப் பருவம் தொடங்கியபோது புது மென்பொருள் வந்தது. திரையில் நார் முடிச்சு, சுண்ணாம்புப் பொட்டு, கத்திக் கீறல் என்று வீட்டு அடையாளங்கள் எல்லாம் படமாக இருந்தன. படத்தைத் தொட்டால் போதும், பழம் சரியான வீட்டின் பெயரில் ஏறியது. மேட்டுக் கூடைகள் மளமளவென்று தீர்ந்தன.

வெங்கிடுசாமி வந்து ஒரே நேரத்தில் நான்கு விரலால் அழுத்தினார். திரை அப்படியே நின்றுவிட்டது. அனுராதா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு திரையில் எழுத்து வந்தது: "புரியலீங்க. இன்னொரு தடவை தொடுங்க."

எல்லார் தலையும் வித்யாஸ்ரீ பக்கம் திரும்பியது. "மருவாதி தெரிஞ்ச பொட்டிதான்" என்று வெங்கிடுசாமி சிரித்துக்கொண்டே ஒற்றை விரலால் தொட்டார். அவர் பழமும் ஏறியது. ஒரு சண்டை இல்லை, ஒரு குழப்பம் இல்லை. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியபோது, கொட்டகைச் சாவியை இனி அனுராதாவிடமிருந்து யாரும் வாங்கக் கூடாது என்று தலைவரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வித்யாஸ்ரீ இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.